பச்சை முயலின் விலை

"அந்தப் பெட்டியக் கீழ வை. நல்லபடியாச் சொல்றேன், கீழ வை," என்று ஹார்மென் கத்தினான்.

"நாலு வருஷமா நீ நல்லபடியாத்தான் சொல்லிட்டிருக்க," என்றாள் இல்சே. அவள் குரல் அவனுடையதைவிட ஒரு சாண் உயரம், ஆளும் அப்படித்தான். "இன்னிக்கு இதத் தெருவுல கொட்டப்போறேன். பக்கத்துல ஒரு அட்டை. எது எடுத்தாலும் ஒரு யூரோ. மத்தியானத்துக்குள்ள போகலன்னா, சும்மா எடுத்துக்கங்கன்னு எழுதிடுவேன்."

"அஞ்சாயிரம் யூரோ சாமான ஒரு யூரோவுக்கு விப்பியா?"

"எங்க இருக்கு அந்த அஞ்சாயிரம்? காட்டு. நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

பக்கத்து வீட்டு ஜோடியின் இந்தச் சண்டை நடந்தது எங்கள் வீடுகளுக்குப் பின்னால், சைக்கிளும் குப்பைத்தொட்டியும் மட்டும் போகிற சந்தில். வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஜெரேனியப் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் மழை பெய்திருந்தது உண்மைதான். அதற்காக ஒருத்தி தன் தோட்டத்தில் நிற்கக் கூடாதா?

அன்று அரசரின் பிறந்த நாள். ஆளாளுக்குத் தெருவில் கம்பளம் விரித்து, பரணில் கிடக்கும் பழசையெல்லாம் விற்கிற நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உரிமம், வரி எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய வாணலியை அவருக்கே விற்கலாம். இல்சே ஆரஞ்சுச் சட்டை போட்டு, சுருட்டிய கம்பளத்தைத் தோளில் சாய்த்து, கையில் பெட்டியோடு நின்றாள். ஹார்மென் இன்னும் பைஜாமாவில். பைஜாமாவில் நின்றுகொண்டு ஐயாயிரம் யூரோ என்று சொல்பவனை நம்புவது யாருக்கும் கஷ்டம்.

பெட்டியில் இருந்தவை சில்லுகள். அவனுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது சிப்ஸ் பாக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் சில்லு போட்டு விற்றார்கள். ஒரு பக்கம் ஓடுகிற நாய், குடை பிடித்த தவளை என்று ஏதாவது படம். மறுபக்கம் வெள்ளி மாதிரி மின்னும். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பைத்தியம். சில்லைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள, சிப்ஸை அப்பாக்கள் தின்றார்கள். ஹார்மெனின் அப்பா ஏவர்ட் அந்தக் குளிர்காலத்தில் பெல்ட்டையே விட்டுவிட்டு நாடாவுக்கு மாறினார்.

அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. ஒவ்வொருவர் பரணிலும் ஒரு டப்பா. அதை மோப்பம் பிடித்த யாரோ ஒரு நிருபர், 'உங்கள் பரணில் புதையல் இருக்கிறதா?' என்று பேப்பரில் எழுதி வைத்தார். பழைய சாமான் விற்கிற இணையத்தளத்தில் முழுத் தொகுப்பு ஒன்றுக்கு ஐயாயிரம் யூரோ என்று போட்டிருக்கிறதாம். ஹார்மென் அதை வெட்டி ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போயிற்று.

போனதற்குக் காரணம் கூரை ஜன்னல். எங்கள் வரிசையில் ஹார்மென் வீடு ஒன்றுக்குத்தான் அது இல்லை. சரிந்த கூரையை வெட்டி, ஒரு பெட்டியைப்போல வெளியே தள்ளிக் கட்டி, அதில் ஜன்னல் வைத்துவிட்டால் பரண் அறையாகிவிடும். மற்றவர்களுக்கு அது பெருமை. இல்சேக்கு அது பிழைப்பு. அவள் திரைச்சீலை தைக்கிறவள். யாருமே மாலையில் திரையை மூடாத ஊரில் திரை தைத்து எப்படிப் பிழைக்கிறாள் என்று கேட்காதீர்கள். மூடத்தான் மாட்டோம், தொங்கவிடாமல் இருக்கவும் மாட்டோம். தையல் மெஷின் இருப்பது சாப்பாட்டு மேஜையில். உருளைக்கிழங்கு மசியலில் குண்டூசி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அங்கே சாப்பிட வேண்டும். பரணில் தைக்கலாம் என்றால், நட்டநடுவில் நின்றால் மட்டுமே அவளால் தலை நிமிர்த்த முடியும். ஓர் அடி நகர்ந்தால் உத்தரம் நெற்றியைப் பார்த்துக்கொள்ளும்.

தச்சர் வந்து பார்த்து, உத்தேசமாக ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜூன் பிறக்கும் வரைதான் அந்த விலை என்றும் சொல்லியிருந்தார். பாதிப் பணத்தை இல்சே சேர்த்து வைத்திருந்தாள். மறுபாதி ஹார்மெனுடையது. "என் பாதி மேல பெட்டியில இருக்கு," என்பான், கேட்கும்போதெல்லாம்.

"ஜூனுக்குள்ள இந்த வீட்டுல ஆணி அடிக்கற சத்தம் கேக்கணும் ரீத்," என்று இல்சே என்னிடம் சொல்லியிருந்தாள். "இல்லன்னா நிமிந்து நிக்கற எடமாப் பாத்து நான் போயிடுவேன்." அவள் சும்மா பேசுகிறவள் இல்லை. அது எனக்குத் தெரியும், எதிர்வீட்டு மார்லூஸுக்குத் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். ஹார்மெனுக்குத்தான் தெரியவில்லை.

அன்று காலை சந்தில் பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டது. பிளாஸ்டிக் உடைகிற சத்தம் கேட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தெருவுல கொட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டுங்களேன்," என்றேன். "அடுத்த வாரம் சமுதாயக் கூடத்துக்குப் பழம்பொருளுக்கு விலை போடறவரு வர்றாரு."

"நீங்க பூவுக்குத் தண்ணி ஊத்துங்க ரீத்," என்றாள் இல்சே. "அது மூழ்கி ரொம்ப நேரமாச்சு."

ஆனாலும் பெட்டியை விட்டுவிட்டாள். "ஒரு மாசம். போய் எங்க வேணா காட்டு. காசக் கொண்டா, இல்ல இது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு உன் வாயால சொல்லு. ரெண்டுல எதுன்னாலும் சரி. எனக்கு ஒரு பதில் வேணும்."

விலை போடுகிற நாளில் நானும் போனேன். சும்மா போக முடியாதே, அத்தை விட்டுப்போன சர்க்கரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். சுவர்க்கடிகாரங்களோடும் நீலப் பீங்கான் தட்டுகளோடும் ஊர்ப் பெரிசுகள் வரிசையில் உட்கார்ந்திருக்க, நடுவில் ஹார்மென் சில்லுகளை அடுக்கிய ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் சேர வந்தவனைப்போல இருந்தான். அரை நாள் காத்திருந்தோம். விலை போடுகிறவர் ஸ்வொல நகரத்திலிருந்து வந்தவர், கழுத்தில் போ டை. ஒரு சில்லை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"என்னது இது? சூதாட்டக் காசா?"

"சிப்ஸ்ல வந்துதுங்க."

"உருளக்கெழங்கு சிப்ஸ்லயா?"

"ஆமாங்க. மிளகா போட்டது."

அவர் மரியாதைக்காக இன்னொரு முறை பார்த்தார். "தம்பி, ஆயிரத்தித் தொள்ளாயிரத்துக்கு அப்பறம் வந்த எதப் பத்தியும் எனக்குத் தெரியாது. ஒரு நூறு வருஷம் கழிச்சுக் கொண்டு வாங்க." என் கிண்ணத்தைப் பார்த்து, "அழகா இருக்கும்மா, இதுல சக்கர போடுங்க," என்றார்.

அடுத்தது பழைய சாமான் கடை. கல்லாவில் ஓர் அம்மா. காலடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி மேஜையில் வைத்தாள். விளிம்பு வரை சில்லு.

"அள்ளிக்கங்க," என்றாள். "வாளியும் வேணும்னா எடுத்துக்கங்க."

"நான் வாங்க வரல. விக்க வந்தேன். என்னோடது வரிசையா ஆல்பத்துல இருக்கு."

"அப்பிடியா? சில்லக் கொட்டிட்டு ஆல்பத்தக் குடுங்க. ஆல்பம் போகும்."

இதையெல்லாம் அவன் எனக்கு வேலியோரம் நின்று சொன்னான். யாரைக் கேட்டாலும் இன்னொருத்தரைக் கேள் என்கிறார்கள். சொன்னபோது அவன் முகம், கடை மூடுகிற நேரத்தில் போய்க் கதவைத் தள்ளுகிறவன் முகம் மாதிரி இருந்தது. தோட்டச் செடிக் கடையில் அவனோடு வேலை செய்கிற ஒருவர் கடைசியில் ஒரு பெயர் கொடுத்தார்: சீட்ஸே. ஃப்ரீஸ்லாந்தில் ஹேரன்ஃபேன் என்கிற ஊர்க்காரர். சில்லு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதானாம்.

தோட்டத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். இல்சே துவைத்ததைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜெரேனியத்தைத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தேன், அழுகிவிட்டிருந்தது.

"ஆல்பம் முழுசா இருக்கா?" என்றது ஃபோன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஃப்ரீஸ்லாந்துக்காரர்களுக்கு வார்த்தை என்றால் சொந்தப் பணம் மாதிரி.

"ஒண்ணே ஒண்ணு இல்ல."

"எது?"

"பச்ச முயல். காலுல சக்கரம் கட்டி ஓடுமே, அது."

 "ஒண்ணு கொறஞ்சா அது ஆல்பம் இல்ல. முழுசாக்கிட்டுக் கூப்பிடு. வர்றேன்." வைத்துவிட்டார்.

ஹார்மென் எழுந்து நின்றான். "கேட்டியா? வர்றேன்னாரு. ஒண்ணும் பெறாத சாமானுக்கு அங்கேருந்து ஒருத்தன் கார எடுப்பானா?"

"வெல என்னன்னு கேட்டியா?" என்றாள் இல்சே.

"ஃபோன்ல அதெல்லாம் பேச மாட்டாங்க."

"நீ கேட்டியா?"

"இல்சே, இது மீன் சந்தை இல்ல."

அவள் ஈரத் துணியை உதறிய சத்தம் சாட்டை மாதிரி கேட்டது.

பச்சை முயல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். மார்லூஸ் வீட்டுக் கழிப்பறையில்.

அந்தக் கதை இது. டிசம்பரில் புனித நிக்கோலஸ் நாளுக்கு வகுப்பில் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர்களுக்கு அட்டையிலும் காகிதத்திலும் ஏதாவது ஓர் உருவம் செய்து, பரிசை அதன் வயிற்றில் ஒளித்து, கூடவே கிண்டலாக ஒரு பாட்டும் எழுதித் தர வேண்டும். கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவே கூடாது. எல்லாம் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருகிற புனிதர் கொடுத்தது. உங்கள் அம்மாவின் விரலில் பசை காயாமல் இருப்பதை ஊரே பார்த்தாலும் கொடுத்தவர் புனிதர்தான். சில்லுப் பைத்தியம் பிடித்த அந்த வருஷம், ஒரே வகுப்பில் படித்த ஹார்மெனுக்கு மார்லூஸ் பெயர் வந்தது. அவன் அம்மா ஆல்ட்யே ஒரு பெரிய காகித மீன் செய்தாள். செதிலுக்கு வெள்ளித்தாள் வாங்கியிருக்கலாம். வீட்டில் டப்பா நிறைய வெள்ளி இருக்கும்போது கடையில் எதற்குக் காசைப் போட வேண்டும் என்று அந்த மகராசி மகனுடைய சில்லுகளை எடுத்து, படத்தை உள்ளே வைத்து, மின்னுகிற பக்கம் வெளியே தெரிய, வரிசையாக ஒட்டிவிட்டாள். ஒன்றுக்கு இரண்டாக இருப்பவற்றைத்தான் எடுத்தாளாம். அவளுக்குத் தவளைக்கும் முயலுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் பச்சை.

மீனுக்கு வகுப்பில் முதல் பரிசு. மார்லூஸின் அப்பா அதற்குப் படகு வார்னிஷ் பூசிக் கழிப்பறையில், எல்லோர் பிறந்தநாளும் எழுதித் தொங்கவிடுகிற காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். அப்பா போய், வீடு மார்லூஸிடம் வந்தும் மீன் இடம் மாறவில்லை. பிறந்தநாள் காபிக்குப் போகிற எவரும் கதவைத் தாழிட்டு உட்கார்ந்தால் எதிரே மீன். நான் மார்லூஸை விட அந்த மீனின் முகத்தை அதிகம் பார்த்திருப்பேன்.

"உங்கம்மா ஒட்டுன மீன் ஒண்ணு இருக்கே," என்றேன் ஹார்மெனிடம்.

மறுநாளே அவன் பாலத்துக்குப் போய்விட்டான். மார்லூஸ் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற வேலையில் இருந்தாள். அப்போது ஒரு படகு வர, பாலம் மேலே தூக்கியிருந்தது. சைக்கிளோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி; வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை, ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கமும் கடைகள் இருக்கின்றனவே. மார்லூஸ் மேலே அறை ஜன்னலில். ஹார்மென் கீழே நின்று அண்ணாந்து கத்தினான்.

"மார்லூஸ், அந்த மீனப் பத்திப் பேசணும்."

"எந்த மீனு?"

"உன் கக்கூஸ்ல இருக்கறது. அதுல உள்ள சில்லெல்லாம் என்னுது."

"அது புனிதர் குடுத்ததுப்பா."

"எங்கம்மா செஞ்சது. உனக்கே தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? பாட்டுக்கு அடியில புனிதர்னுதான் போட்டிருந்துச்சு. திரும்ப வேணும்னா அவரக் கேளு. ஸ்பெயின்ல இருக்காரு. நவம்பர்லயே கப்பல்ல வந்துடுவாரு. என் பாலத்தத் தாண்டித்தான் வரணும், நானே தூக்கி விடறேன்."

சைக்கிள்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கீழே போன படகோட்டியும் சிரித்தான். ஹார்மெனின் காது, கம்பளம் விரிக்கிற நாளின் ஆரஞ்சுச் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதே கேவலம். புனிதர் கொடுத்ததைக் கேட்பதற்குப் பெயரே கிடையாது.

"சும்மா வேண்டாம்," என்றான். "என்ன வேணும் சொல்லு."

"அந்தப் பாட்டுல என் வாயப் பத்தி நாலு வரி இருந்துச்சு. ஆறாம் வகுப்பு முடியற வரைக்கும் பசங்க பாடுனாங்க. அதுக்கும் சேத்துச் சொல்லவா?" கொஞ்சம் யோசித்தாள். "என் முன் அறைக்குத் திரை வேணும். தடிச்ச துணியில, தரை வரைக்கும். இல்சே தச்சு."

"தைப்பா," என்றான் ஹார்மென். நடு ரோட்டில், அரை ஊர் கேட்க, பாலம் இறங்கிக்கொண்டிருக்கும்போது.

"உனக்கு எதுக்குத் திரை?" என்று யாரோ கேட்டார்கள்.

"எதுத்தாப்புல ரீத் இருக்காங்களே," என்றாள் மார்லூஸ், என்னைப் பார்த்துக் கையை ஆட்டி.

நானும் ஆட்டினேன். வேறென்ன செய்ய?

ஹார்மென் இல்சேயிடம் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மார்லூஸ் துணிச் சுருளோடு வந்து மணி அடித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. நான் குப்பைத்தொட்டியை வாசலில் வைக்க வந்திருந்தேன்.

"என்ன துணி இது?" என்றாள் இல்சே, வாயில் குண்டூசிகளோடு.

"என் திரைக்கு. ஹார்மென் சொல்லலயா? மீனுக்குப் பதிலா நீ தச்சுத் தர்றன்னு சொன்னானே. பாலத்துல வச்சு. எல்லாரும் கேட்டாங்க."

இல்சே ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மார்லூஸுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "வேண்டாம்னா விட்டுடலாம் இல்சே, நான் சும்மா வம்புக்குத்தான் கேட்டேன்," என்றாள்.

"அகலம் சொல்லு," என்றாள் இல்சே.

தைத்தாள். தன் வீட்டிலிருந்து போன வார்த்தையாயிற்றே என்று தைத்தாள். காசு கொடுக்கிறவர்களின் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையின் ஒரு பாதியில் அந்தக் கனத்த துணியை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நூல் கேட்கப் போனவளிடம் (அதாவது என்னிடம்), "என் கைய வித்துட்டான் ரீத், ஒரு முயலுக்கு," என்று மட்டும் சொன்னாள்.

மேஜையின் மறுபாதியில் மீன். படகு வார்னிஷ் லேசுப்பட்டது அல்ல. வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடி வந்து, சட்டைகூட மாற்றாமல் ஹார்மென் உட்கார்ந்துவிடுவான். முடி உலர்த்துகிற மெஷினால் ஒரு செதிலைச் சூடாக்குவான். பிறகு சீஸ் சீவியை அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்புவான். அந்தச் சீவிக்கு அப்படி ஒரு வேலை இருக்கும் என்று செய்தவனே நினைத்திருக்க மாட்டான். காலையில் இல்சே ரொட்டிக்குச் சீஸ் சீவப்போனால் வார்னிஷ் வாசனை. ஒரு செதில் வந்தால் தவளை. இன்னொன்று நாய். தவளை, தவளை, நாய். சிலதில் படம் மீனோடு ஒட்டிக்கொண்டு வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் கையோடு வரும். அதில் முயல் இருந்து போய்விட்டதோ என்று மீனின் தோலைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவான். தச்சர் ஒரு முறை கூப்பிட்டு, "உத்தேசம் போதாது, கூரையோட சரியான அளவு வேணும்," என்றார். "இந்த வாரம் முடியாது," என்றான். எங்கள் ஜன்னல்களில் திரை மூடாததால் இதெல்லாம் நடைபாதையிலிருந்தே தெரியும்.

முயல் வாலுக்கு அடியில் இருந்தது. முழுசாக, பச்சையாக, ஒரு சக்கரத்தில் மட்டும் லேசான கீறலோடு. ஹார்மென் என் வீட்டு மணியை அடித்தான், மார்லூஸ் வீட்டு மணியை அடித்தான். எல்லோருக்கும் காட்டினான். இல்சேயும் பார்த்தாள். "சரி. அவரக் கூப்பிடு," என்றாள்.

சீட்ஸே மே கடைசியில் வந்தார். தாடி வைத்த ஒல்லி மனிதர். காபி கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினார்கள். மார்லூஸ் வந்திருந்தாள், மீன் அவளுடையதாயிற்றே. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. சீட்ஸே ஆல்பத்தை மெதுவாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் முயலைத் தொட்டுப் பார்த்தார். மூடினார்.

"நல்லா வச்சிருக்கீங்க. முழுசா இருக்கு. நாப்பது யூரோ. நல்லா ஆசப்பட்டவன் வந்தா அம்பது."

ஹார்மென் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தான். அது வரவில்லை.

"பேப்பர்ல அஞ்சாயிரம்னு போட்டிருந்தாங்களே."

"அது கேக்கற வெல. கேக்கறதுக்கு யாரு தடை சொன்னா? நான்கூட என் நாயோட வெலையா ஒரு அரண்மனையே கேக்கலாம். அந்தாளு ஏழு வருஷமா கேட்டுட்டிருக்கான். ஒருத்தனும் வாங்கல."

"ஆனா இந்த முயல் கெடைக்காததாச்சே?"

"இதா?" சீட்ஸே முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்ட ஒரு ட்ராயர் நெறைய இருக்கு. கேட்டிருந்தா தபால்ல போட்டிருப்பேன். ஸ்டாம்புக் காசு குடுத்தாப் போதும்."

"அன்னிக்கு ஃபோன்லயே சொல்லிருக்கலாமே?"

"நீங்க கேக்கலயே."

மார்லூஸ் சிரிப்பை அடக்கக் கோப்பையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். சீட்ஸே மேஜையில் உரித்துப் போட்ட மீனைப் பார்த்தார். "இது யாரோட மீனு?"

"என்னோடதா இருந்துச்சு," என்றாள் மார்லூஸ்.

"பாவம்," என்றார் அவர். மீனைச் சொன்னாரா அவளைச் சொன்னாரா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.

என் காபி முடிந்திருக்கவில்லை. இல்சே எழுந்து அலமாரியிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். மாடி ஏறினாள், பரணுக்கும் ஏறினாள். தலை இடித்த சத்தம் கேட்டது, ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. இறங்கி வந்து நாடாவை மேஜையில் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றாள்.

"எதுக்கு?"

"நான் கூரைய அளந்துட்டு வர. இந்தம்மா காபி ஆறறதுக்குள்ள அளந்துட்டேன். இத நாலு வருஷமா உன்னக் கேக்கறேன். தச்சர் கேட்டாரு. உனக்கு நேரமில்ல."

"இல்சே, காசு இல்லாம அளந்து என்ன பண்ண? இது வரும்னு நான் நம்பினேன். என் பாதிக்குத்தானே பாத்தேன்."

"உன் பாதிக்கு என் திரைய வித்த. சரி, அது போகட்டும், தச்சாச்சு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. "உன்னால ஆகாதுன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன். சோம்பேறி, மறதி, போகட்டும்னு. மூணு வாரம் ஒரு காகித மீன சீஸ் சீவி வச்சு உரிச்ச. ஒரு நாள் விடல. சாப்பாட்டுக்கு எந்திரிக்கல. உனக்கு உக்காந்து ஒரு வேலைய முடிக்கத் தெரியும் ஹார்மென். நல்லாத் தெரியும். அது தெரிஞ்சப்பறம் நான் எப்படி இங்க இருக்கறது?"

"நாளைக்கே தச்சரக் கூப்பிடறேன். கடன் வாங்கறேன்."

"வேண்டாம்."

"ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கு."

"இருக்கு," என்றாள். "சாமான் கட்ட எனக்கு அது போதும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "ரீத், குடிச்சாச்சா?" என்றாள். குடித்தாகிவிட்டது என்றேன்.

அவள் ஸ்வொலவுக்குப் போனாள். அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடத்து வகுப்பறைகளைத் தொழில் செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஏணி வைத்தால்தான் கூரையைத் தொட முடியுமாம். தான் சேர்த்த பாதிப் பணத்தை அதற்கு முன்பணமாகக் கொடுத்தாள். அடுத்த வருஷம், பக்கத்து அறையில் பியானோ பழுது பார்க்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் உயரம்.

மார்லூஸ் விஷயம் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அந்தத் திரைகளை அவள் மாலையானால் மூடிவிடுவாள், இந்தத் தெருவில் அப்படிச் செய்த ஒரே ஆள். இல்சே தைத்தால் ஒரு நூல் வெளிச்சம்கூட வெளியே வராது. ஹேரன்ஃபேன் கார் ஒன்று அடிக்கடி நிற்கிறது என்பதற்கு மேல் என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோருக்கும் வந்ததுபோல எனக்கும் கல்யாணக் கார்டு தபால் பொந்து வழியாகத்தான் வந்து விழுந்தது. சீட்ஸேயோடு அவள் ஹேரன்ஃபேனுக்கே போய்விட்டாள். பாலத்தை இப்போது எங்கேயோ உட்கார்ந்து கேமராவில் பார்த்து இயக்குகிறார்கள்.

ஹார்மென் தனியாக ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்தான். பிறகு வீட்டை உத்ரெக்டிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடிக்கு விற்றான். அவர்கள் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே கூரை ஜன்னல் ஏறிவிட்டது. அவன் இப்போது ஹோகஃபேன் என்ற ஊரில், அம்மா ஆல்ட்யே இருக்கிற அதே கட்டடத்தில், தரைத்தளத்தில் இருக்கிறான். போன மாதம் ஆல்ட்யேயிடம் ஃபோனில் கேட்டேன். இன்னும் யாரும் அமையவில்லை, ஞாயிற்றுக்கிழமை சூப் குடிக்க மேலே வருவான் என்றாள்.